ஈசிஜி நன்றாக இருக்கிறது என்றால், குத்தியது எது?

தம்பி, நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஒன்று வெளிப்படையானது. போன வெள்ளிக்கிழமை மாலை நிலாவெளிக் கரையில் படகை மணலில் இழுத்து ஏற்றிவிட்டு உட்கார்ந்தபோது இடது நெஞ்சில் ஊசி ஏற்றியது போல ஒரு குத்து வந்தது. மூச்சை உள்ளே இழுத்தால் கூடியது, அரை மணி நேரத்தில் தணிந்தது. வைத்தியசாலையில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா வாய்வு என்கிறார். இதயம் இல்லையென்றால் வேறு என்ன என்று கேட்கிறீர்கள். மற்றக் கேள்விக்கு நீங்கள் கேள்விக்குறி போடவில்லை. "தாய்மாமன் 46 வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்" என்று கடைசி வரியில் எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். 31 வயதில் மூன்று இரவுகளாக நித்திரை வராமல் கிடப்பது அந்த வரியால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் இதய நிபுணன் அல்லன். திருகோணமலை மாவட்டத்தில் வெளிநோயாளர் பிரிவுகளிலும் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் இருபத்தாறு வருடங்கள் இருந்து ஓய்வு பெற்ற பொது வைத்தியன். நெஞ்சுக் குத்து என்று வந்தவர்களை, சோதனைச் சாவடிகளில் மறிபட்டு நேரம் பிந்தி வந்தவர்கள் முதல் கைத்தொலைபேசியில் தேடிப் படித்து நோயின் பெயரோடு வந்தவர்கள் வரை, நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களைப் பார்க்கவில்லை. உங்கள் நெஞ்சில் கை வைத்து அழுத்தவில்லை, முதுகில் குழல் வைத்துக் கேட்கவில்லை. ஆகவே இதுதான் என்று ஒரு பெயரைச் சொல்லமாட்டேன். தூரத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்கிறவர் எவராக இருந்தாலும் நம்பவேண்டாம்.

முதலில் அந்தக் "குத்து" என்ற சொல்லைப் பார்ப்போம். நெஞ்சில் வரும் நோவைச் சொல்ல நம்மிடம் நல்ல சொற்கள் இருக்கின்றன: அமுக்கம், இறுக்கம், எரிவு, பிடிப்பு, குத்து. மாரடைப்போடு வருகிறவர் பெரும்பாலும் அமுக்கம் என்பார். நெல் மூட்டையைத் தூக்கி வைத்தது போல என்பார். எந்த இடம் என்று கேட்டால் உள்ளங்கையை நெஞ்சின் மேல் பரப்பிக் காட்டுவார், அல்லது கைவிரல்களை மடக்கி முட்டியாக்கி நடுநெஞ்சில் வைப்பார். குத்து என்று வருகிறவர் ஒற்றை விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். இதற்கு உடலமைப்பில் காரணம் இருக்கிறது. இதயம், உணவுக்குழாய் போன்ற உள்ளுறுப்புகளிலிருந்து வரும் நரம்புகள் முள்ளந்தண்டில் ஏறத்தாழ ஒரே மட்டங்களில் போய்ச் சேருகின்றன. எங்கிருந்து வந்தது என்று மூளையால் பிரித்து அறிய முடிவதில்லை; அதனால்தான் இதய நோவு கையிலும் தாடையிலும் மேல்வயிற்றிலும் தெரிகிறது. தோல், தசை, விலா எலும்பு, நெஞ்சுக்கூட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் உறை ஆகியவற்றின் நரம்புகளோ இடத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடும். எனவே விரலால் காட்டக்கூடிய, மூச்சோடு கூடிக் குறைகிற குத்து இதயத்திலிருந்து வந்திருக்கும் வாய்ப்புக் குறைவு. இது நிச்சயம். குறைவு என்பது இல்லை என்பதாகாது. இதுவும் அதே அளவு நிச்சயம்.

அதை எனக்குக் கற்பித்தவர் ஒரு கடைக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், பத்து வருடச் சலரோகம். விடிகாலையில் வந்தார், இடது மார்புக்குக் கீழே குத்துகிறது என்றார், விரலால்தான் காட்டினார். வீட்டில் ஓமத் தண்ணீர் குடித்து இரண்டு ஏப்பம் விட்டதும் பாதி குறைந்ததாம். நான் ஒரு ஈசிஜி எடுத்தேன், பழுதில்லை. அமில மருந்து கொடுத்தேன், இன்னும் கொஞ்சம் குறைந்தது. அனுப்பிவிட்டேன். மாலையில் வியர்த்து ஒழுகிக்கொண்டு திரும்பி வந்தார். இரண்டாவது ஈசிஜி மாரடைப்பைக் காட்டியது. பிழைத்துக்கொண்டார், பிறகு என்னோடு நன்றாகவே கதைப்பார், ஆனாலும் அந்தக் காலைப்பொழுது என்னை விட்டுப் போகவில்லை. சலரோகம் உள்ளவர்கள், முதியவர்கள், பெண்கள் ஆகியோரிடம் மாரடைப்பு புத்தகத்தில் உள்ளபடி வராமல் இருப்பது உண்டு. ஏப்பம் விட்டதும் குறைந்தது, குளிசை போட்டதும் குறைந்தது என்பவை எதையும் உறுதிப்படுத்துவதில்லை. உணவுக்குழாய் இழுத்துப் பிடிப்பதால் வரும் நோவும், நாக்கின் கீழ் வைக்கும் இதயக் குளிசையால் தணியும். மருந்து கேட்டது என்பதை வைத்து நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பது எங்கள் தொழிலின் பழைய தவறு.

இனி உங்களுடையதற்கு வருகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதலில் நினைக்கவேண்டியது நெஞ்சுக்கூட்டின் சுவர்தான். படகு இழுக்கும்போது நீங்கள் கையால் மட்டும் இழுப்பதில்லை. மூச்சை அடக்கி, நெஞ்சை முன்தள்ளி, ஒரு பக்கமாகத் திரும்பி இழுக்கிறீர்கள். விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள சிறு தசைகள் அப்போது கிழியலாம், சுளுக்கலாம். கரைவலை இழுக்கிறவர்களிடம் பருவம் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் இதை நான் அதிகம் கண்டிருக்கிறேன். உடம்பு பழகியதும் வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். சீமெந்து மூட்டை தூக்குகிறவர்கள், தேங்காய் பறிக்க ஏறுகிறவர்கள், இரண்டு வாரம் விடாமல் இருமியவர்கள் எல்லாரும் இந்த வரிசையில்தான். இருமலால் விலா எலும்பே வெடிப்பதும் உண்டு. இன்னொன்று, விலா எலும்பு மார்பெலும்போடு சேரும் இடத்தில் உள்ள குருத்தெலும்பின் அழற்சி. மார்பெலும்பின் ஓரத்தில், பெரும்பாலும் இரண்டாவது முதல் ஐந்தாவது விலா வரையுள்ள பகுதியில், விரலால் அழுத்தினால் "அதுதான், அதேதான்" என்று ஆள் துள்ளுவார். அந்த இடம் வீங்கியும் இருந்தால் அதற்குத் தனிப்பெயர் உண்டு. ஜெர்மன் அறுவை வைத்தியர் டீட்சே என்பவர் 1921 இல் எழுதியதால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. வீக்கம் இல்லாத வகைதான் நாம் அடிக்கடி காண்பது. வாரக்கணக்கில் இழுபடும், போய்விட்டது என்று நினைத்தால் திரும்பி வரும், ஆனால் கேடு செய்யாது.

அழுத்திப் பார்க்கும் இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். அழுத்தும்போது ஏதோ நோகிறது என்பது போதாது. பலமாக அழுத்தினால் யாருக்கும் நோகும். அன்று வந்த அதே குத்து, அதே இடத்தில், அதே விதமாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். இடது கையை வலது தோளுக்குக் குறுக்கே இழுத்தும், உடம்பைத் திருப்பியும் பாருங்கள். வந்தால் சுவரின் பக்கம் தராசு சாய்கிறது. மாரடைப்பு உள்ளவருக்கும் நெஞ்சில் அழுத்தினால் நோகக்கூடும் என்பதால், 55 வயதுக் கடைக்காரருக்கு இந்தச் சோதனையை நான் முழுதாக நம்பமாட்டேன். உங்கள் வயதில் அதற்கு மதிப்புக் கூட.

பள்ளிப் பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் வரும் இன்னொரு குத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது தாய்மாரைப் பயமுறுத்துவதுபோல் வேறெதுவும் பயமுறுத்துவதில்லை. பிள்ளை சும்மா குனிந்து இருந்து படிக்கும், திடீரென்று இடது நெஞ்சில் குத்தும், மூச்சு விடப் பயந்து அசையாமல் இருக்கும். அரை நிமிடம், அதிகம் போனால் மூன்று நிமிடம், பிறகு அடையாளமே இல்லாமல் போய்விடும். சில பிள்ளைகள் துணிந்து ஒரு பெரிய மூச்சு இழுத்தால் ஏதோ அறுந்தது போல உடனே விட்டுவிடும். மில்லர், டெக்சிடர் என்ற இருவர் 1955 இல் இதைப் பற்றி எழுதினார்கள். ஏன் வருகிறது என்பது இன்னும் ஊகம்தான். கெடுதல் இல்லை என்பது மட்டும் தெரியும். உங்களுடையது அரை மணி நேரம் இருந்ததால் இதற்குள் அடங்காது. காய்ச்சலோடு விலாவைப் பிடித்துக் கசக்குகிற ஒரு வைரஸ் நோயும் உண்டு. டென்மார்க்கின் போர்ன்ஹோல்ம் தீவின் பெயரால் அழைக்கிறார்கள். காய்ச்சல் என்று நீங்கள் எழுதாததால் அதையும் விடுகிறேன்.

விடமுடியாதது நுரையீரல். நுரையீரலுக்குத் தனக்கென்று நோவு நரம்பு இல்லை. நெஞ்சுக்கூட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் உறைக்கு நிறைய உண்டு. அந்த உறை எரிச்சல் அடைந்தால் மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் கத்தி குத்தும். சளிக்காய்ச்சல், காசநோய் ஆகியவை அதைச் செய்யும். ஆனால் அவற்றோடு இருமலும் காய்ச்சலும் நாள்கணக்கில் இருக்கும். திடீரென்று செய்வது இரண்டு. முதலாவது, நுரையீரலின் மேற்பரப்பில் உள்ள சிறு கொப்புளம் ஒன்று உடைந்து காற்று உறைக்குள் கசிவது. உயரமான, ஒல்லியான, இளம் ஆண்கள், அதிலும் புகைப்பவர்கள், இதற்கு வாய்த்தவர்கள். ஓடி விளையாடும்போதுதான் வரவேண்டும் என்றில்லை, சும்மா இருக்கும்போதே வரும். இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது: சுருங்கிய நுரையீரல் அப்படியே கிடக்க, நோவு மட்டும் ஒரு நாளுக்குள் தணிந்துவிடக்கூடும். ஈசிஜி இதைக் காட்டித் தரவேண்டும் என்றில்லை. நெஞ்சு எக்ஸ்ரே காட்டும். உங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் ஒல்லியா, புகைப்பீர்களா என்றும் எழுதவில்லை.

இதில் நம் கடற்கரைக்கே உரிய ஒரு விடயமும் இருக்கிறது. புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போகிறேன் என்கிறீர்கள். கண்ணாடியும் மூச்சுக்குழலும் வைத்து மேலே மிதப்பதோடு நிற்கிறீர்களா, சிலிண்டர் கட்டி இறங்குவதும் உண்டா? பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நிரப்பிய மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். விரிய இடமில்லாவிட்டால் நுரையீரல் கிழியும். சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குகிற பொடியன்கள் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள், ஆனால் வைத்தியரிடம் சொல்லமாட்டார்கள். ஒருவர் என்னிடம் நெஞ்சுக் குத்து என்று மட்டும் சொல்லி வந்தார். கழுத்துத் தோலைத் தொட்டபோது உள்ளே காற்று நறநறத்தது. அதன் பிறகுதான் எங்கே இறங்கினார் என்று வாயைத் திறந்தார். அன்று, அல்லது அதற்கு முதல் நாள், நீங்கள் சிலிண்டரோடு இறங்கியிருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எக்ஸ்ரே பார்க்கும்வரை மறுபடி இறங்கவேண்டாம்.

திடீரென்று வருவதில் இரண்டாவது, காலில் உறைந்த இரத்தக்கட்டி பிரிந்து நுரையீரல் நாடியில் போய் அடைப்பது. கொழும்பிலிருந்து இரவு பஸ்சில் கால் மடக்கி உட்கார்ந்து வந்தவர், கால் முறிந்து மாக்கட்டுப் போட்டவர், அண்மையில் பிள்ளை பெற்றவர், பெரிய அறுவைச் சிகிச்சை முடிந்தவர், குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கும் பெண் ஆகியோருக்குத் திடீரென்று குத்தும் மூச்சுத்திணறலும் வந்தால் நான் முதலில் காலைத்தான் பார்ப்பேன். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா, கெண்டைக்கால் நோகிறதா என்று. இதில் ஈசிஜியும் எக்ஸ்ரேயும் இரண்டுமே பெரிய பழுதில்லாமல் இருக்கலாம்; சந்தேகம் இருந்தால் ஸ்கான் வேண்டும். படகோட்டும் உங்களுக்கு இது பொருந்துவதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் "இதயம் இல்லை" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு "ஆபத்தும் இல்லை" என்று வீட்டுக்குப் போகக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. முதுகுக்குள் கிழிந்து இறங்குவது போல, தொடங்கிய கணமே உச்சத்தில் வரும் நோவு இன்னொன்று. அது பெருநாடி கிழிவது. பிரஷர் உள்ள வயதானவர்களில் அதிகம், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக்கூடாது.

அம்மா சொல்லும் வாய்வையும் நான் தள்ளிவிடவில்லை. நம் ஊரில் மார்புக்கும் தொப்புளுக்கும் இடையில் வரும் எல்லாவற்றுக்கும் வாய்வு, காஸ்ட்ரைட்டிஸ் என்ற இரண்டு பெயர்கள்தான். ஆனாலும் உணவுக்குழாய்க்கு அமிலம் ஏறுவது நெஞ்சு நோவுக்கு உண்மையிலேயே ஒரு பெரிய காரணம். எரிவாகவே வரும் என்றில்லை, குத்தாகவும் வரும். அதற்குச் சாப்பாட்டோடும் படுக்கையோடும் தொடர்பு இருக்கும்: இரவு பத்து மணிக்குப் புட்டும் இறைச்சியும் சாப்பிட்டு உடனே சரிந்தவருக்கு அது அதிகம் வரும். வயல் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எலிக்காய்ச்சலைத் தடுக்க, வாரம் ஒருமுறை எடுக்கும்படி சுகாதாரப் பரிசோதகர்கள் டொக்சிசைக்கிளின் கொடுக்கிறார்கள். நல்ல மருந்து, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்தால் அந்தக் குளிசை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கும். தம்பலகாமத்து விவசாயி ஒருவர், எச்சில் விழுங்கினாலும் நெஞ்சுக்குள் கத்தி இறங்குகிறது, மாரடைப்புத்தான் என்று வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் நாள் இரவு குளிசை போட்டாயா என்று கேட்டதும் அவர் மனைவிதான் முதலில் சிரித்தார். சாப்பிட்டபின், ஒரு முழுக் கோப்பை தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருந்தால் போதும். மீன் முள் சிக்கியவருக்கும் விழுங்கும்போதுதான் குத்தும். அதைச் சோற்று உருண்டையால் தள்ளப் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

நான் தவறவிட்ட இன்னொன்று அக்கி. ஒரு ஆசிரியைக்கு வலது பக்கம் முதுகிலிருந்து மார்புவரை பட்டை போல எரிந்து குத்தியது. தசைப் பிடிப்பு என்று தைலம் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதே பட்டையில் கொப்புளங்களோடு வந்தார். நோவு முன்னே வரும், கொப்புளம் பின்னே வரும் என்று படித்திருந்தும் எனக்கு நினைவு வரவில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் இருந்து, சட்டை பட்டாலே கூசினால், தினமும் அந்தத் தோலைப் பாருங்கள். கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் பலன் அதிகம்.

பயத்தால் வரும் நெஞ்சு நோவும் உண்டு, அதுவும் நிஜமான நோவுதான். நெஞ்சு படபடக்கும், விரல்கள் விறைக்கும், பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கும். உங்கள் முதல் குத்து அப்படித் தெரியவில்லை. ஆனால் சனிக்கிழமை இரவு நடுச்சாமத்தில் வந்ததாக நீங்கள் எழுதியிருக்கும் இரண்டாவது, மாமாவை நினைத்துக்கொண்டு படுத்திருந்தபோது வந்தது, இதுவாக இருக்கலாம்.

மாமாவைப் பற்றி. நம் வழக்கில் தாய்மாமனுக்கு உள்ள இடம் மருத்துவக் கணக்கில் இல்லை. குடும்ப வரலாறு என்று நாங்கள் முதலில் கேட்பது தகப்பன், தாய், கூடப்பிறந்தவர்களை: ஆண்களுக்கு 55 வயதுக்கு முன், பெண்களுக்கு 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்ததா என்று. மாமன் அடுத்த வட்டம். அதற்காக அவரை விட்டுவிடவும் முடியாது. அம்மாவின் பக்கத்தில் இன்னும் இருவர் இளவயதில் போயிருந்தால் பரம்பரைக் கொலஸ்ட்ரோல் பற்றி யோசிக்கவேண்டும். பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் ஒருமுறை பாருங்கள். புகைப்பவராக இருந்தால் மாமாவைவிட அதற்குத்தான் நீங்கள் பயப்படவேண்டும்.

எடுத்த ஈசிஜியை எவ்வளவு நம்பலாம்? அது எடுத்த நேரத்துப் படம். நோவு இருக்கும்போது எடுத்திருந்தால் மதிப்புக் கூட; தணிந்த பிறகு எடுத்திருந்தால் குறைவு. அதனால்தான் ஆபத்து உள்ளவர்களுக்குத் திரும்பவும் எடுப்பார்கள், ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையையும் சில மணி நேர இடைவெளியில் செய்வார்கள். உங்கள் வயது, மூச்சோடு கூடிய தன்மை, படகு இழுத்தது, மூன்று நாளாக வேலை செய்தும் மோசமாகாதது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் எக்ஸ்ரே எடுக்காமல் இருந்தால் நாளைக்கே போய் எடுங்கள். அதுவரை பாரம் தூக்கவேண்டாம். நோவுக்குப் பனடோல் போதும். டிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகைகளை, காய்ச்சலும் இருந்தால், தொடவே வேண்டாம், டெங்கு உள்ள ஊர் இது.

அமுக்கமாக வந்தால், வியர்த்தால், கைக்கோ தாடைக்கோ பரவினால், மயக்கம் வந்தால், இருந்த இடத்திலேயே மூச்சு வாங்கினால், நடந்தால் வந்து நின்றால் போகிற நோவாக இருந்தால், யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நண்பனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வரவேண்டாம். வழியில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்ரேயில் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் எழுதுங்கள், அழுத்திப் பார்த்தபோது எந்த விலாவில் நொந்தது என்பதையும் சேர்த்து.